கான்சன்ட்ரேட்: ஒரு சொல்லைப் பொருளோடும் பிழையில்லாமலும் பயன்படுத்த முழு வழிகாட்டி

தமிழ் வீடுகளில் அதிகம் புழங்கும் ஆங்கில வினைச்சொற்களில் கான்சன்ட்ரேட்டும் ஒன்று. பக்கத்தில் ஒரு 'பண்ணு' சேர்த்தால் போதும், தமிழாகிவிடும். "படிப்புல கான்சன்ட்ரேட் பண்ணு", "இவனுக்குக் கான்சன்ட்ரேஷனே இல்ல". பத்தாம் வகுப்புப் பிள்ளை இருக்கிற வீட்டில் இதைக் கேட்காத நாள் கிடையாது.

அதே சொல்லை ஆங்கில வாக்கியத்துக்குள் கொண்டுபோகும்போதுதான் சிக்கல். சொல் ஆங்கிலம், ஆனால் அதன் பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் இலக்கணம் தமிழ். நேர்முகத் தேர்விலும் அலுவலக மின்னஞ்சலிலும் இந்தச் சொல்லை வைத்து நாம் செய்கிற பிழைகளில் பெரும்பாலானவை இங்கிருந்துதான் வருகின்றன. எந்தப் பிழை தமிழின் எந்த இடத்திலிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால் திருத்துவது சுலபம். விதிகளை மனப்பாடம் செய்யத் தேவை இருக்காது.

படி 1: வாயில் சரியாக வரட்டும்

இந்தச் சொல்லுக்கு மூன்று அசை. கான், சன், ட்ரேட். தமிழில் நாம் மூன்றுக்கும் ஏறக்குறைய ஒரே கனம் கொடுத்துவிடுகிறோம். ஆங்கிலத்தில் முதல் அசையில்தான் அழுத்தம். நடுவில் உள்ளது 'சென்' என்று தெளிவாக ஒலிக்காது, 'ஸ்ன்' என்று விழுங்கியது போல வரும். கடைசி அசைக்கு நடுத்தரமான கனம்.

பெயர்ச்சொல்லாக மாறி கான்சன்ட்ரேஷன் ஆகும்போது அழுத்தம் இடம் மாறி 'ட்ரே'யில் போய் உட்காரும். ஒரே மூச்சில் இரண்டையும் மாறி மாறிச் சொல்லிப் பாருங்கள், வித்தியாசம் காதில் விழும்.

எழுத்தில் ஒரே ஒரு எச்சரிக்கை. சொல்லில் 'சி' என்ற எழுத்து இரண்டு முறை வருகிறது. முதலாவது க ஒலி, இரண்டாவது ச ஒலி. ஒலியை நம்பி இரண்டாவது இடத்தில் 'எஸ்' போட்டு எழுதுகிறவர்கள் நிறையப் பேர்.

படி 2: 'கவனம்' என்பதை உடைத்துப் பாருங்கள்

மனத்தின் முழு உழைப்பையும் ஒரே விஷயத்தின் மேல், கொஞ்ச நேரத்துக்காவது, குவித்து வைத்திருப்பதுதான் கான்சன்ட்ரேட். உழைப்பு, ஒரே விஷயம், நேரம் ஆகிய மூன்றும் சேர வேண்டும். மூன்றில் ஒன்று இல்லையென்றால் அநேகமாக அங்கே வேறு சொல்தான் பொருந்தும்.

நம்மிடம் 'கவனம்' என்று ஒரு சொல் இருக்கிறது. அதன் தலையில் ஏகப்பட்ட வேலையைக் கட்டியிருக்கிறோம். "கவனமா ரோட்டைக் கிராஸ் பண்ணு" என்றால் ஜாக்கிரதை. ஆங்கிலத்தில் அதற்கு 'கேர்ஃபுல்'. "நான் சொல்றதைக் கவனி" என்றால் காது கொடு. அதற்கு 'லிசன்' அல்லது 'பே அட்டென்ஷன்'. "அவர் சட்டையில கறை இருந்ததைக் கவனிச்சியா?" என்பதில் உழைப்பே இல்லை, கண்ணில் பட்டதா என்றுதான் கேள்வி. அதற்கு 'நோட்டீஸ்'. "குழந்தையைக் கவனிச்சுக்கோ" என்றால் 'லுக் ஆஃப்டர்'. (அரசு அலுவலகத்தில் "கொஞ்சம் கவனிக்கணும் சார்" என்றால் என்ன பொருள் என்று உங்களுக்கே தெரியும். அதற்கு ஆங்கிலத்தில் வேறு சொல் இருக்கிறது, அது இங்கே வேண்டாம்.)

இத்தனையும் கழித்த பிறகு மிஞ்சுவது "கவனம் சிதறாம படி" என்கிற கவனம். அது ஒன்றுதான் கான்சன்ட்ரேட். ஆகவே தமிழில் 'கவனம்' என்று தோன்றும்போதெல்லாம் இந்தச் சொல்லை எடுக்காமல், அது சிதறக்கூடிய கவனமா என்று கேட்டுப் பாருங்கள். சிதறக்கூடியது என்றால் எடுக்கலாம். ரயில் நிலைய அறிவிப்பைக் காதில் வாங்கிக்கொள்ள 'பே அட்டென்ஷன்' போதும். அதே அறிவிப்பு இரைச்சலுக்கு நடுவே, புரியாத மொழியில், அரைகுறையாகக் கேட்கிறது என்றால் அப்போது கான்சன்ட்ரேட் பண்ணத்தான் வேண்டும்.

சொல்லின் பிறப்பும் இதையே சொல்கிறது. லத்தீனில் 'கான்' என்றால் ஒன்றாக, 'சென்ட்ரம்' என்றால் நடுப்புள்ளி. சிதறிக் கிடப்பவற்றை நடுவுக்குக் கொண்டுவருவது. அந்தச் 'சென்ட்ரம்' கிரேக்கத்தின் 'கென்ட்ரான்' என்ற சொல்லிலிருந்து வந்தது. கென்ட்ரான் என்றால் கூர்முனை. மாட்டைக் குத்தி ஓட்டுகிற தார்க்குச்சிக்கும் அதே பெயர்தான். வட்டம் போடும்போது காகிதத்தில் ஊன்றுகிற காம்பஸ் முள்ளுக்கும் அந்தப் பெயர் வந்து, பிறகு முள் ஊன்றிய புள்ளிக்கே பெயராயிற்று.

இந்தச் சொல் நம் வீட்டுக்கு வேறு வழியாக முன்னமே வந்துவிட்டது. கிரேக்க ஜோதிடத்தோடு கென்ட்ரான் சமஸ்கிருதத்துக்குள் நுழைந்து 'கேந்திர' ஆனது. ஜாதகத்தில் 1, 4, 7, 10 ஆம் இடங்களைக் கேந்திரம் என்கிறார்களே, அதுவேதான். பிள்ளையின் ஜாதகத்தை எடுத்துவைத்துக் கேந்திர பலம் பார்ப்பவரும், "கான்சன்ட்ரேட் பண்ணுடா" என்று அந்தப் பிள்ளையை அதட்டுபவரும் ஒரே வேரைத்தான் உச்சரிக்கிறார்கள்.

படி 3: 'ஆன்' இல்லாமல் அனுப்பாதீர்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

எதன் மேல் மனத்தைக் குவிக்கிறோமோ அதற்கு முன்னால் 'ஆன்' வர வேண்டும். "கான்சன்ட்ரேட் ஆன் யுவர் ஸ்டடீஸ்." நம் வாயில் வருவதோ "கான்சன்ட்ரேட் இன் யுவர் ஸ்டடீஸ்." ஏன் 'இன்' வருகிறது? தமிழில் "படிப்பில்" என்கிறோம். அந்த 'இல்' உருபு நேராக 'இன்' ஆகிவிடுகிறது. "படிப்பின் மேல்" என்று மனதுக்குள் ஒருமுறை மாற்றிச் சொல்லிவிட்டு ஆங்கிலத்துக்குப் போனால் 'ஆன்' தானாக வரும்.

'ஆன்' வந்தபிறகு ஒரு செயலைச் சொல்ல வேண்டுமென்றால் வினைச்சொல்லை '-இங்' ஈற்றோடு போட வேண்டும். "ஐ ஆம் கான்சன்ட்ரேட்டிங் ஆன் ஃபினிஷிங் தி ரிப்போர்ட்" சரி. "கான்சன்ட்ரேட் டு ஃபினிஷ்" தவறு. "முடிக்கக் கவனம் செலுத்துகிறேன்" என்ற தமிழின் 'முடிக்க'தான் அங்கே 'டு ஃபினிஷ்' என்று வேஷம் போட்டு வருகிறது.

இன்னொரு இடம், நன்றாக ஆங்கிலம் பேசுகிறவர்களும் சறுக்குகிற இடம். "நான் கவனம் செலுத்தும் பாடம்" என்று தமிழில் சொல்லும்போது 'பாடத்தில்' என்பதில் இருந்த 'இல்' எங்கே போயிற்று? காணவில்லை. பெயரெச்சத்தில் தமிழ் அதை விழுங்கிவிடும். ஆங்கிலம் விழுங்காது. அந்த 'ஆன்' வாக்கியத்தின் கடைசியில் தனியாக நிற்கும்: "தி சப்ஜெக்ட் ஐ வாண்ட் டு கான்சன்ட்ரேட் ஆன்." கேள்வியிலும் அப்படியே: "வாட் ஆர் யூ கான்சன்ட்ரேட்டிங் ஆன்?" கடைசியில் அந்தரத்தில் தொங்குவது போலத் தோன்றினாலும் அதை வெட்டிவிடக் கூடாது.

எதன் மேல் என்று சொல்லத் தேவையே இல்லாதபோது 'ஆன்' வேண்டாம். "ஐ காண்ட் கான்சன்ட்ரேட்" என்பது முழு வாக்கியம். "மனசு ஒட்ட மாட்டேங்குது", "புத்தகத்துல மனசு லயிக்கல" என்று நாம் சொல்வதற்கெல்லாம் அதுவே ஆங்கிலம்.

'இன்' சரியாகிற இடமும் இருக்கிறது. அமெரிக்காவில் ஹார்வர்ட், பிரவுன் போன்ற பல்கலைக்கழகங்களில் மாணவர் எடுக்கும் முதன்மைப் பாடத்துக்கே கான்சன்ட்ரேஷன் என்று பெயர். அங்கே "ஷி கான்சன்ட்ரேட்டட் இன் எகனாமிக்ஸ்" என்றால் பொருளாதாரத்தை முதன்மைப் பாடமாக எடுத்துப் படித்தாள் என்று பொருள். மனம் ஒருமுகப்பட்டதா, வகுப்பில் தூங்கினாளா என்பது வேறு விஷயம்.

படி 4: காலமும் அளவும்

"ஐ ஆம் நோயிங்" தவறு என்று எங்கோ படித்துவிட்டு மனம் சார்ந்த எல்லா வினைகளுக்கும் '-இங்' போடப் பயப்படுகிறவர்கள் உண்டு. இங்கே பயம் வேண்டாம். அறிவது ஒரு நிலை, கான்சன்ட்ரேட் பண்ணுவது ஒரு செயல். "டோண்ட் டிஸ்டர்ப் ஹிம், ஹி இஸ் கான்சன்ட்ரேட்டிங்" முற்றிலும் சரி.

'காண்ட்', 'டோண்ட்' இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். "ஐ காண்ட் கான்சன்ட்ரேட்" என்றால் இப்போது முடியவில்லை, சத்தமோ தலைவலியோ காரணம். "ஐ டோண்ட் கான்சன்ட்ரேட்" என்றால் அது என் வழக்கமே இல்லை என்று ஒப்புக்கொள்வது. வேலைக்கான நேர்முகத்தில் இரண்டாவதைச் சொல்லாமல் இருப்பது நல்லது.

அதைவிட ஆபத்தானது 'ஹார்ட்லி'. தீவிரமாக என்பதற்கு 'ஹார்ட்' போட வேண்டும்: "ஐ கான்சன்ட்ரேட்டட் ஹார்ட்." வினையை விளக்குவதற்கு '-லி' சேர்க்க வேண்டும் என்று பள்ளியில் படித்தது நினைவுக்கு வந்து "ஐ ஹார்ட்லி கான்சன்ட்ரேட்டட்" என்று சொல்லிவிட்டால் போச்சு, "நான் அநேகமாகக் கவனிக்கவே இல்லை" என்று ஆகிவிடும்.

படி 5: செயப்படுபொருளோடு

மனம், உழைப்பு, சக்தி போன்றவற்றை நடுவில் வைத்தும் சொல்லலாம். "வி ஷுட் கான்சன்ட்ரேட் அவர் எஃபர்ட்ஸ் ஆன் தி நார்த் ஸோன்." அலுவலக ஆங்கிலத்தில் இது நன்றாகப் பொருந்தும்.

இதில் ஒரு கிளை உண்டு. மனிதன் மனத்தைக் குவிப்பதற்குப் பதில், வெளியே இருக்கிற ஒன்று அவன் மனத்தைப் பிடித்துக் குவிக்க வைக்கும். "தி டெட்லைன் கான்சன்ட்ரேட்டட் அவர் மைண்ட்ஸ்." இந்த வழக்குக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. 1777-ல் போலிப் பத்திரம் தயாரித்த குற்றத்துக்காக வில்லியம் டாட் என்ற பாதிரியார் லண்டனில் தூக்கிலிடப்பட்டார். சாவதற்கு முன் சிறைக் கைதிகளுக்கு அவர் ஒரு பிரசங்கம் செய்தார். அதை எழுதிக் கொடுத்தவர் அகராதி தந்த சாமுவேல் ஜான்சன். ஆனால் அது ரகசியம். இவ்வளவு வலுவான எழுத்து டாட்டுடையதாக இருக்குமா என்று ஒருவர் சந்தேகப்பட்டபோது, இரண்டு வாரத்தில் தூக்கு என்று தெரிந்தால் மனிதனுக்கு மனம் அற்புதமாகக் குவிந்துவிடும் என்று ஜான்சன் சமாளித்தார். ரகசியத்தை மறைக்கச் சொன்ன அந்தப் பதில்தான் இன்று வரி கட்டக் கடைசித் தேதி, தேர்தல் தோல்வி பயம் என எதற்கெடுத்தாலும் ஆங்கிலப் பத்திரிகைகளில் எட்டிப் பார்க்கிறது.

படி 6: கான்சன்ட்ரேஷன் என்ற பெயர்ச்சொல்

நாம் கவனத்தைக் 'கொடுக்கிறோம்', 'செலுத்துகிறோம்', 'வைக்கிறோம்'. அது நமக்கு 'வருகிறது', 'வரவில்லை'. இவற்றை அப்படியே தூக்கிக்கொண்டு போனால் "கிவ் மோர் கான்சன்ட்ரேஷன்", "கான்சன்ட்ரேஷன் இஸ் நாட் கமிங்" என்று வரும். புரியும், ஆனால் காதில் உறுத்தும். கொடுப்பதும் செலுத்துவதும் அட்டென்ஷனுக்கு ஆகும், இதற்கு ஆகாது. பெரும்பாலும் வினையாகவே சொல்லிவிடுவது நல்லது: "கான்சன்ட்ரேட் மோர் ஆன் திஸ்."

பெயர்ச்சொல்லுக்கு இயல்பாக அமையும் துணைகள் வேறு. 'லூஸ் கான்சன்ட்ரேஷன்' என்றால் கவனம் சிதறிப்போவது. 'லாப்ஸ் இன் கான்சன்ட்ரேஷன்' என்றால் ஒரு கணச் சறுக்கல். இந்த இரண்டையும் காதால் பழகிக்கொள்ள டெஸ்ட் கிரிக்கெட் வர்ணனையைவிட நல்ல இடம் இல்லை. 2004-ல் ராவல்பிண்டியில் ராகுல் திராவிட் 12 மணி நேரத்துக்கு மேல் நின்று 270 ரன் எடுத்தார். அந்த மாதிரி ஆட்டத்தில் வர்ணனையாளர் வாயில் கான்சன்ட்ரேஷன் வராமல் இருக்காது. மணிக்கணக்கில் நின்றவர் உணவு இடைவேளைக்கு முந்தின ஓவரில் தேவையில்லாத பந்தைத் தொட்டு அவுட் ஆனால், 'லாப்ஸ்' உடனே வந்து விழும்.

சாமியார் உரைகளிலும் தன்னம்பிக்கைப் பேச்சுகளிலும் வருகிற 'பவர் ஆஃப் கான்சன்ட்ரேஷன்' சரியான தொடர்தான். ஒருவரின் திறனைச் சொல்லும்போது 'பவர்ஸ்' என்று பன்மையில் வருவது வழக்கம்.

படி 7: கான்சன்ட்ரேட்டட், கன்சர்ட்டட், ஃபோகஸ்டு

உழைப்புக்கும் முயற்சிக்கும் பழச்சாறுக்கும் கான்சன்ட்ரேட்டட் என்று அடைமொழி போடலாம். ஆளுக்குப் போடும்போது கொஞ்சம் யோசிக்க வேண்டும். "ஹி இஸ் வெரி கான்சன்ட்ரேட்டட்" என்றால் மனிதனை அடுப்பில் வைத்துச் சுண்டக் காய்ச்சியது போல இருக்கும். ஆளுக்கு 'ஃபோகஸ்டு' போடுங்கள்.

'கன்சர்ட்டட் எஃபர்ட்' என்று இன்னொன்று இருக்கிறது. அது வேறு சொல், பல பேர் கூடிப் பேசி வைத்து எடுக்கும் முயற்சி. ஒருவர் தனியாக முழு மூச்சாகச் செய்தால் 'கான்சன்ட்ரேட்டட்', ஊரே சேர்ந்து ஏரியைத் தூர்வாரினால் 'கன்சர்ட்டட்'.

ஃபோகஸுக்கும் கான்சன்ட்ரேட்டுக்கும் வேலி மெல்லியது. பல இடங்களில் ஒன்றின் இடத்தில் மற்றதை வைத்துவிடலாம், குடி முழுகாது. ஃபோகஸ் லத்தீனில் வீட்டு அடுப்பு. 1604-ல் வானியலாளர் ஜோஹன்னஸ் கெப்ளர் தன் ஒளியியல் நூலில் குவியப் புள்ளிக்கு அந்தப் பெயரை எடுத்துக்கொண்டார். அந்த ஒளியியல் வாசனை இன்னும் இருக்கிறது. எதைப் பார்ப்பது என்று தேர்ந்தெடுப்பதில் ஃபோகஸின் சாய்வு. தேர்ந்தெடுத்த பிறகு வியர்க்க வியர்க்க மனத்தைப் பிடித்து வைப்பதில் கான்சன்ட்ரேட்டின் சாய்வு. "இந்த வருடம் ஏற்றுமதிதான்" என்று கம்பெனி முடிவெடுத்தால் ஃபோகஸ். கணக்காளர் ஏற்றுமதிப் பட்டியலைக் கூட்டிக்கொண்டிருக்கையில் பக்கத்தில் யாராவது பேசினால் அவருக்குக் கெடுவது கான்சன்ட்ரேஷன்.

மரியாதை விஷயமும் இதில் இருக்கிறது. "கான்சன்ட்ரேட்!" என்று தனியாகச் சொன்னால் அதட்டல். மின்னஞ்சலில் "ப்ளீஸ் கான்சன்ட்ரேட் ஆன் திஸ்" என்று எழுதினால் 'இதுவரை நீ சரியாகக் கவனிக்கவில்லை' என்று எதிராளிக்குப் படலாம். சக ஊழியருக்கு "குட் யூ ஃபோகஸ் ஆன் திஸ் ஃபர்ஸ்ட்?" என்று கேட்பது பாதுகாப்பு.

மூளையைக் கசக்குவதற்கு இது எதுவும் வேண்டாம். பெயர் ஞாபகம் வராமல், வழி தோன்றாமல் திண்டாடுவது 'ரேக் யுவர் பிரெய்ன்ஸ்'. ரேக் என்பது ஆளைக் கட்டி இழுக்கிற பழைய சித்திரவதைக் கருவி. நாம் கசக்கிப் பிழிகிறோம், அவர்கள் கட்டி இழுக்கிறார்கள், பாடுபடுவது ஒரே மூளைதான்.

படி 8: மனத்துக்கு வெளியே

இதே சொல் வேதியியலில் செறிவு. தமிழ்வழிப் பாடநூலில் அடர் கந்தக அமிலம், நீர்த்த அமிலம் என்று படித்திருப்பீர்கள், அந்த 'அடர்'தான் கான்சன்ட்ரேட்டட். பழச்சாறு டப்பாவில் 'ஃப்ரம் கான்சன்ட்ரேட்' என்று இருந்தால், சாற்றின் நீரை நீக்கிக் கெட்டியாக்கி, பிறகு நீர் சேர்த்தது என்று பொருள். 2021 கொரோனா இரண்டாம் அலையில் ஊரெல்லாம் தேடி அலைந்த ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டரும் இந்தக் குடும்பமே. காற்றில் ஐந்தில் நான்கு பங்குக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும் நைட்ரஜனை வடித்துவிட்டு ஆக்சிஜனைச் செறிவாக்கும் இயந்திரம். செய்தித்தாள்கள் அதற்குச் செறிவூட்டி என்று எழுதின. செல்வம், அதிகாரம், மக்கள்தொகை ஓரிடத்தில் குவிவதற்கும் இதையே சொல்வார்கள்.

கோடை விடுமுறையில் மாணவர்களுக்கு மனஒருமைப் பயிற்சி முகாம் நடத்துகிறவர்கள் தயவுசெய்து அதற்குக் 'கான்சன்ட்ரேஷன் கேம்ப்' என்று பெயர் வைத்துவிடாதீர்கள். 1896-ல் கியூபாவில் ஸ்பெயின் தளபதி வலேரியானோ வெய்லர் கிராமத்து மக்களை ஓரிடத்தில் குவித்து அடைத்தார். 1900 முதல் 1902 வரை தென்னாப்பிரிக்கப் போயர் போரில் பிரிட்டிஷார் அதையே செய்தார்கள். பிறகு நாஜிகள் செய்தது உலகத்துக்குத் தெரியும். தமிழில் அதை வதைமுகாம் என்கிறோம்.

படி 9: கையோடு ஒரு பயிற்சி

கீழே உள்ள தமிழ் வாக்கியங்களை முதலில் நீங்களே ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள், அப்புறம் விடையைப் பாருங்கள்.

"டிவி சத்தத்துல படிக்கவே முடியல." விடை: "ஐ காண்ட் கான்சன்ட்ரேட் வித் தி டிவி ஆன்." படிப்பு என்ற சொல்லே தேவைப்படவில்லை.

"படி இறங்கும்போது கவனம்." கான்சன்ட்ரேட் வராது. "பி கேர்ஃபுல் ஆன் தி ஸ்டெப்ஸ்."

"பாட்டுல கவனம் செலுத்தணும்னு நடிப்பை விட்டுட்டாங்க." விடை: "ஷி கேவ் அப் ஆக்டிங் டு கான்சன்ட்ரேட் ஆன் சிங்கிங்." இங்கே 'டு' வந்திருக்கிறதே என்றால், அது கான்சன்ட்ரேட்டுக்கு முன்னால் வந்தது, 'அதற்காக' என்ற பொருளில். பின்னால் 'ஆன்', அதன் பின் '-இங்', ஒழுங்கு மாறவில்லை.

"எனக்குக் கவனம் செலுத்த ஒரு விஷயமும் இல்ல." விடை: "ஐ ஹேவ் நத்திங் டு கான்சன்ட்ரேட் ஆன்." கடைசி 'ஆன்' விட்டுப்போயிருந்தால் படி 3-ன் பெயரெச்சப் பகுதியை மறுபடி பாருங்கள்.

"அவர் பேசுறப்ப என் மனசு எங்கேயோ போயிடுச்சு." இதற்குக் கான்சன்ட்ரேட்டை இழுக்க வேண்டாம். "மை மைண்ட் வாண்டர்ட் வைல் ஹி வாஸ் ஸ்பீக்கிங்" என்றால் போதும்.